இரண்டு பெட்டிகள்

சேலம் ஜில்லாவிலும், 1997-ல் அதிலிருந்து பிரிந்த நாமக்கல் ஜில்லாவிலும் கல்யாண வரவேற்பு என்றால், மேடைக்குப் பக்கத்தில் ஒரு கீபோர்டு இல்லாமல் முடிவதில்லை. மண்டபம் சிறியதானால் கீபோர்டுக்காரரும் பாடுகிறவரும் மட்டுமே கச்சேரி. அவர் இடது கையால் மூன்று கட்டைகளை அழுத்துகிறார்; டிரம்ஸ் முழங்குகிறது, கிடார் சேர்ந்துகொள்கிறது, பின்னால் வயலின் கூட்டமொன்று இழைகிறது. பந்திக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். மற்ற ஏழு பேர் எங்கே என்று ஒருவரும் தலையைத் திருப்பித் தேடுவதில்லை.

அந்தக் கீபோர்டுக்கு அரேஞ்சர் என்று பெயர். அதே கடையில், அதே அலமாரியில், ஏறக்குறைய அதே உருவத்தில் இன்னொரு பெட்டி இருக்கும். அது சிந்தசைசர் ஒர்க்ஸ்டேஷன். ‘எதை வாங்குவது?’ என்று கேட்டால், கடைக்காரர் விலையைக் கொண்டு பதில் சொல்வார். வாசிக்கத் தெரிந்த நண்பர் கௌரவத்தைக் கொண்டு பதில் சொல்வார். ‘அரேஞ்சர் பழகுகிறவனுக்கு, ஒர்க்ஸ்டேஷன் வித்துவானுக்கு’ என்பது இப்போது ஒரு பழமொழி மாதிரி ஆகிவிட்டது. இந்தப் பழமொழியோடு எனக்குச் சண்டை உண்டு. கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், வேலை இருக்கிறது.

முதலில் இரண்டும் என்ன செய்கின்றன என்பதைப் பார்ப்போம். அரேஞ்சருக்குள் ‘ஸ்டைல்’ என்று நூற்றுக்கணக்கான தாளக் கட்டுகள் முன்கூட்டியே வாசித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தொடக்கம், நடை, நடுவில் ஒரு திருப்பம், முத்தாய்ப்பு எல்லாம் தனித்தனிப் பொத்தானாக இருக்கும். இடது கை ஒரு கார்டைப் பிடித்தால், பக்கவாத்தியம் முழுவதும் அந்தக் கார்டுக்குத் தக்கபடி மாறிக்கொள்ளும். வலது கை பாட்டை வாசித்தால் போதும்.

ஒர்க்ஸ்டேஷனில் இந்த உபசாரம் பெரும்பாலும் கிடையாது. ஒலியை உண்டாக்குவது, அதன் குணத்தை மாற்றுவது, இரண்டு மூன்று ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது, ஒவ்வொரு வாத்தியத்தின் பகுதியையும் நாமே வாசித்து வரிசையாகப் பதிந்துகொள்வது ஆகிய இத்தனைக்கும் ஒரே பெட்டியில் வசதி இருக்கும். ஆனால் செய்ய வேண்டியவர் நாம். 1988-ல் ஜப்பானின் கோர்க் கம்பெனி வெளியிட்ட எம் 1 என்ற வாத்தியத்துக்குப் பிறகுதான் இந்த வகை உலகமெங்கும் பரவியது.

நாமக்கல்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். லாரி வாங்குகிறவர் கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸை ஓட்டி வருகிறார். பட்டறையில் கொடுத்து, தமக்கு என்ன சரக்கோ அதற்குத் தக்கபடி பாடி கட்டிக்கொள்கிறார். ஒர்க்ஸ்டேஷன் அந்தச் சேஸிஸ். அரேஞ்சர் பாடி கட்டி, வர்ணம் அடித்து, கண்ணாடிக்கு மேலே பெயரும் எழுதி வருகிற வண்டி. சேஸிஸ்தான் உசத்தி என்று யாராவது சொன்னால் நாமக்கல்லில் சிரிப்பார்கள். பட்டறை தெரியாதவன் வாசலில் சேஸிஸை நிறுத்தி வைத்து என்ன செய்வான்? லட்சம் ரூபாயைத் தாண்டி ஒர்க்ஸ்டேஷன் வாங்கி, அதில் முதலாவதாக வருகிற பியானோ ஒலியை மட்டும் வருஷக்கணக்காக வாசிக்கிறவர்களின் கதை இதுதான்.

கட்டைகள் பதித்த பெட்டியைப் பற்றிய சண்டை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை நிலையத்துக்குள் விடாமல் தடுத்தது. அந்தத் தடை 1971-ல்தான், அதுவும் நிபந்தனைகளோடு, தளர்ந்தது. ஆர்மோனியத்தின்மீது சொல்லப்பட்ட குற்றம் நியாயமானதே. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் அதற்கு ஒலி கிடையாது. ஸ்வரத்தை அசைக்க முடியாது. கமகம் இல்லாமல் நம் ராகம் நிற்காது. ஆனால் அந்தத் தீர்ப்பு வானொலி நிலையத்தின் வாசலோடு நின்றுவிட்டது. நாடகக் கொட்டகைகளில் ஆர்மோனியக்காரர் மேடைக்கு முன்னால் ராஜாவாக உட்கார்ந்திருந்தார். இளையராஜா வளர்ந்ததே அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவின் ஆர்மோனியத்தோடுதான். குறைபாடுள்ள வாத்தியத்தைக் கொண்டு நிறைவான காரியம் செய்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஆகவே வாத்தியத்தை மட்டும் கூண்டில் ஏற்றித் தீர்ப்புச் சொல்வதில் பயனில்லை. அதை வாசிக்கும் கை எதைச் செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

1954-ல் வந்த ‘நாகின்’ என்ற இந்திப் படத்தில் மகுடி இசை தேசத்தையே ஆட்டிவைத்தது. அது மகுடியே அல்ல. ஹேமந்த் குமாரின் இசையில், கல்யாண்ஜி கிளாவியோலின் என்ற மின்சாரக் கட்டை வாத்தியத்தை வாசிக்க, ரவி ஆர்மோனியம் வாசித்தார். அந்தக் கிளாவியோலினில் ஒரே சமயத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும். இன்று ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு வாங்கித் தருகிற கீபோர்டுகூட அதைவிட ஆயிரம் மடங்கு வசதியானது. ஆனாலும் மகுடி என்றால் ஊரார் காதில் ஒலிப்பது அந்தப் பொய் மகுடிதான். கையில் இருந்த ஒற்றைக் குரலைப் பாம்பாக நெளிய வைக்க வேண்டும் என்ற எண்ணம் வாசித்தவர்களுக்கு இருந்தது. அந்த எண்ணத்துக்குப் பொத்தான் கிடையாது.

இந்த இடத்தில்தான் அரேஞ்சர்மீது என்னுடைய முதல் குற்றச்சாட்டு. அது கையைப் பற்றியது. சாமான்யமாக இந்தக் கீபோர்டுகளில் இடது ஓரத்தில் ஒரு சிறு சக்கரமோ நெம்புகோலோ இருக்கும். அதைத் தள்ளினால் ஸ்வரம் வளையும். நாகஸ்வர ஒலியையோ புல்லாங்குழல் ஒலியையோ வாசிக்கும்போது, கமகத்தின் நிழலையாவது காட்டுவதற்கு அந்தச் சக்கரம்தான் வழி. அதைத் தள்ள வேண்டியது இடது கை. அரேஞ்சரில் இடது கை எங்கே இருக்கிறது? கார்டு பிடித்துக்கொண்டிருக்கிறது! கார்டை ஒரு கணம் விட்டாலும் பெட்டி நினைவில் வைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அடுத்த கார்டுக்கு மறுபடி ஓடிவர வேண்டும். விளைவு என்ன? நாகஸ்வரம் என்று எழுதியிருக்கும் ஒலி படிக்கட்டில் இறங்குகிற மாதிரி ஸ்வரம் ஸ்வரமாக இறங்குகிறது. கேட்கிறவருக்கு ஏதோ குறைகிறது என்று தெரியும்; என்ன குறைகிறது என்று தெரியாது. ஒர்க்ஸ்டேஷன் வாசிக்கிறவருக்கு இடது கை விடுதலையாக இருக்கிறது. விலைப் பட்டியலில் இல்லாத வித்தியாசம் இது.

இரண்டாவது குற்றச்சாட்டு தாளத்தைப் பற்றியது. சேலம் வட்டாரத்து மாரியம்மன் பண்டிகையில் பம்பைக்காரரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர் கண் தம் வாத்தியத்தில் இருக்காது, அருள் வந்து ஆடுகிறவரின் காலில் இருக்கும். கால் தயங்கினால் பம்பை தயங்கும். கால் துள்ளினால் பம்பை முந்திக்கொண்டு போய் அதைத் தூக்கிவிடும். அரேஞ்சருக்குக் கண் கிடையாது. வேகத்தை மாற்றப் பொத்தான் உண்டு. ஆனால் ‘மாற்ற வேண்டும்’ என்று அதற்குத் தோன்றாது. உள்ளே இருக்கிற கட்டுகளிலும் பெரும்பாலானவை நாலு எண்ணிக்கை, மூன்று எண்ணிக்கை, ஆறு எண்ணிக்கை. கண்டமும் மிஸ்ரமும் நமக்குத் தாலாட்டிலிருந்தே பழக்கமானவை. பெட்டிக்கு அவை விருந்தாளிகள். யமஹா கம்பெனி இந்தியாவுக்கென்றே பி.எஸ்.ஆர். ஐ என்ற வரிசையில் தபலா, தம்புரா சாதகத்துக்கு வசதி செய்து கீபோர்டு வெளியிட்டிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஆனால் தபலா வந்த அளவுக்குத் தவிலும் பம்பையும் வந்துவிடவில்லை. பெட்டிக்குள் இல்லாத தாளம் மண்டபத்திலும் மெல்ல இல்லாமல் போகிறது. நான் பயப்படுவது இதற்குத்தான்.

கதை எழுதுகிறவனுக்கு இதில் வேலை இருக்கிறது என்றேனே, அது இதுதான். பத்திரிகைத் தொடர்கதையிலும் ஸ்டைல் பொத்தான்கள் உண்டு. பணக்காரப் பெண், ஏழை வாலிபன், நடுவில் ஒரு கடிதம், வார முடிவில் கதவு தட்டும் ஓசை. அச்சு தயாராக இருக்கிறது. பெயர்களை மாற்றிப் போட்டால் கதை ஓடும். அந்த அச்சில் எழுதியவர்களெல்லாம் அயோக்கியர்கள் அல்லர். குடும்பத்தைக் காப்பாற்ற எழுதினார்கள். ஆனால் அச்சு எழுதுகிற கதையையும் ஆள் எழுதுகிற கதையையும் வாசகன் பிரித்துப் பார்க்க மறந்துவிட்டால், அப்புறம் ஆள் எழுதுவானேன்?

இப்படிச் சொன்னதால் ஒர்க்ஸ்டேஷன் கட்சிக்கு ஜயபேரிகை கொட்டுகிறேன் என்று எண்ண வேண்டாம். அந்தக் கட்சியும் சுத்தமானதல்ல. சேலம் ஏற்காடு சாலையில் டி. ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் ‘மந்திரி குமாரி’ எடுத்தபோது, ஜி. ராமநாதனின் இசைக்கு ஒரு கூட்டமே கூடி உட்கார்ந்து வாசிக்க வேண்டியிருந்தது. ஒருவர் தவறினால் எல்லாரும் மறுபடி வாசிக்க வேண்டும். 1983-ல் மிடி என்ற பொது மொழி ஏற்பட்டு, வெவ்வேறு கம்பெனிகளின் வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. 1986-ல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கம்ப்யூட்டர் வழி இசைக்கோவையைப் பயன்படுத்தினார். 1992-ல் ஏ. ஆர். ரஹ்மானின் ‘ரோஜா’ வந்தபோது, சிந்தசைசரைக் கொண்டு இப்படியும் செய்யலாமா என்று நாடே வியந்தது. அதே வியப்புக்கு மறுபக்கமும் உண்டு: கூடி உட்கார்ந்து வாசித்தவர்களின் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கல்யாண மண்டபத்தில் தாளக்காரரின் பிழைப்பை அரேஞ்சர் எடுத்தது என்றால், ஒலிப்பதிவுக் கூடத்தில் வயலின்காரரின் பிழைப்பைச் சிந்தசைசர் எடுத்தது. இதில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதற்கில்லை.

இன்னொரு விஷயமும் நடந்திருக்கிறது. ஒர்க்ஸ்டேஷனின் பெரிய பெருமையாக இருந்த பதிவு வேலையை இப்போது சாதாரணக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. ஒலியே இல்லாத ஒரு சிறு மிடி கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, வீட்டில் உட்கார்ந்தே பாட்டு அமைக்கிறார்கள். பெயர்களும் குழம்பிக் கிடக்கின்றன. யமஹா தன் உயர்ந்த வகை அரேஞ்சரான ஜெனோஸுக்கே ‘டிஜிட்டல் ஒர்க்ஸ்டேஷன்’ என்று பெயர் சூட்டியிருக்கிறது. கோர்க்கின் பி.ஏ. வரிசை அரேஞ்சர்களில் சொந்தமாகத் தாளக் கட்டு அமைத்துக்கொள்ளலாம். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து முடிவு செய்கிறவர் ஏமாந்துதான் போவார்.

ஆகவே பெட்டியை விட்டுவிட்டு, வாசிப்பவரின் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ராசிபுரத்துத் தறிக்காரர் ஒருவரின் மகன் என்று வைத்துக்கொள்வோம். வட்டிக்கு வாங்கிய பணம் கையில் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு வரவேற்பு, தனி ஆள், கூடப் பாட ஒரு தங்கை. அவன் தாராளமாக அரேஞ்சர் வாங்கட்டும். எட்டுப் பேருக்குச் சம்பளம் தரக் கல்யாண வீட்டார் தயாராக இல்லாதபோது, அவனிடம் கலையைப் பற்றி உபதேசம் செய்வது அக்கிரமம். கோவிலிலோ மாதா கோவிலிலோ பத்துப் பேர் பாடத் துணை வாசிக்கிறவருக்கும் அதுவே சௌகரியம்.

அதே பையனுக்குத் தபலாக்காரன் ஒருவனும் கிடார்காரன் ஒருவனும் சிநேகிதர்களாக இருக்கிறார்கள் என்றால், தீர்ப்பு மாறுகிறது. ஆள் வாசிக்கிற தாளத்துக்கு மேலே பெட்டி வாசிக்கிற தாளம் எதற்கு? அவர்களிடம் இல்லாதது புல்லாங்குழலும் வயலின் கூட்டமும்தான். அந்த ஒலிகளை வேண்டியபடி அடுக்கிக்கொண்டு, இடது கையால் ஸ்வரத்தை வளைத்து வாசிக்கச் சிந்தசைசர்தான் வேண்டும். அதற்கு எல்லாவற்றிலும் பெரியதாக வாங்கத் தேவையில்லை, நடுத்தரமானது போதும். மிச்சமாகும் பணத்தில் தபலாக்காரனுக்கு நல்ல மைக் ஒன்று வாங்கலாம். அப்படிப்பட்ட குழுவில் அரேஞ்சரைக் கொண்டுவந்து வைத்தால், முதல் மாதம் தபலாக்காரன் பொத்தானுக்கு ஒத்து வாசிப்பான். மூன்றாம் மாதம் அவனுக்குப் பதிலாகப் பொத்தானே வாசிக்கும். ஒரு சிநேகிதம் கெடுவதற்கு இவ்வளவு போதும்.

பழகுகிற குழந்தைக்கு இந்த இரண்டு பெயர்களையும் மறந்துவிடுவதே நல்லது. விரலின் அழுத்தத்துக்குத் தக்கபடி ஒலி ஏறி இறங்குகிற கட்டைகள் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். அரேஞ்சரே வீட்டில் இருந்தாலும், முதல் வருஷம் தாளப் பொத்தானைத் தொடாமல் காலால் தட்டிக்கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள். சொந்தக் காலில் லயம் வந்த பிறகு பெட்டியின் தாளம் வேலைக்காரனாக இருக்கும். அதற்கு முன்னால் கொடுத்தால் எஜமானாகிவிடும்.

சேலத்துக்கோ சென்னைக்கோ வாங்கப் போகிறவர்கள், கூட வாசிக்கிற சிநேகிதனையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும். கடையில் பெட்டியை வைத்ததும் விற்பனைக்காரர் ஒரு பொத்தானை அழுத்துவார். கடை முழுவதும் ஒரு பிரமாதமான கச்சேரி கிளம்பும். அது ஜப்பானில் யாரோ வாசித்துப் பதிந்து வைத்தது. அதைக் கேட்டு மயங்க வேண்டாம். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, உங்களுக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றை, தாளம் எதுவும் இல்லாமல், ஒரே ஒலியில் வாசித்துப் பாருங்கள். சிநேகிதன் மேஜையில் தட்டட்டும். அப்போதும் பாட்டுப் பாட்டாக இருந்தால், இரண்டில் எதை வாங்கினாலும் நஷ்டமில்லை. இல்லையென்றால், பணத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். முதலில் ஒரு வாத்தியாரைத் தேடலாம்.