குறைந்த செலவு, யாருடைய செலவு?

கலைப்படங்களைப் பற்றி எழுதும் நம்மவரிடையே ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. பெரும் முதலீட்டிற் பிறக்கும் வர்த்தகப் படத்தைக் கண்டிக்கும் அதே வேகத்தில், சொற்பப் பணத்தில் உருவான படத்தை அதன் வறுமைக்காகவே போற்றிவிடுகிறோம். பணம் இல்லாமையே கலைஞனின் நேர்மைக்குச் சான்று என்று கொள்கிறோம். ஆனால், செலவு குறைந்த படம் ஒன்றின் படப்பிடிப்பு நாளாந்தம் எவ்வாறு நடைபெற்றது, அங்கே குறைந்த செலவை உண்மையில் ஏற்றுக்கொண்டவர் யாவர் என்ற கேள்விகளை நாம் எழுப்புவதில்லை. உழைப்பைப் பற்றி ஓயாது பேசும் முற்போக்கு விமர்சனம் கலையின் உழைப்பைக் கணக்கிடத் தவறுவது பெருங் குறையாகும்.

இதனை ஆராய்வதற்குச் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை. விபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் நாவலைத் தழுவிய இப்படம் 1955 இல் வெளிவந்தது. அதன் பெருமையை நாம் அறிவோம். அதன் படப்பிடிப்பையோ வீரகதையாக மட்டுமே அறிவோம்.

முதல் நாட் படப்பிடிப்பு 1952 ஒக்டோபர் 27 இல் நடைபெற்றது. ராய் அப்போது கல்கத்தாவில் விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராகச் சம்பளத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தார். ஆகவே படம் எடுப்பதற்கு விடுமுறை நாட்களே எஞ்சின. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா இருபதைச் சற்றே தாண்டிய இளைஞர். அதற்கு முன்னர் சினிமாக் கமராவைக் கையாண்டதில்லை. வெண்ணிற நாணற் பூக்கள் நிறைந்த வெளியிலே அப்புவும் துர்க்காவும் நிற்கும் காட்சியில் ஒரு பகுதி அன்று படமாகியது. அடுத்த ஞாயிறன்று அவர்கள் திரும்பிச் சென்றபோது பூக்கள் அனைத்தையும் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மீண்டும் பூக்கும்வரை அக்காட்சி ஓராண்டு காத்திருந்தது.

இதனை வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிப்பது எளிது. உண்மையில் இங்கேதான் குறைந்த செலவுப் படத்தின் அடிப்படை விதி புலப்படுகின்றது. பணமுள்ளவன் காலத்தை விலைக்கு வாங்குகிறான். பணமில்லாதவன் காலத்தையே செலவாகக் கொடுக்கிறான். பெரிய ஸ்ரூடியோ மழையைக் குழாயினாற் பொழிவிக்கும். பூக்களைச் செய்து நட்டுவிடும். கல்கத்தாவை அடுத்த போரால் கிராமத்திலே பாழடைந்த வீடொன்றைத் திருத்திப் படமெடுத்த இச்சிறு குழுவோ இயற்கையின் தயவை எதிர்பார்த்து நின்றது.

மழைக் காட்சியை எண்ணிப் பாருங்கள். மழைக்காலம் பெய்து கழிந்தபோது கையிற் பணமில்லை. பணம் வந்தபோது ஒக்டோபர் மாதமாகிவிட்டது. வானம் கறுக்குமென நம்பி நாள்தோறும் குழந்தைகளையும் கருவிகளையும் சுமந்துகொண்டு கிராமத்துக்குச் சென்று காத்திருந்தனர். ஒருநாள் மழை கொட்டியது. நனைந்து நடுங்கிய சிறுவர்க்குப் பாலிற் சிறிது பிராந்தி கலந்து கொடுத்துக் குளிரைப் போக்கினராம். திரையிலே நம்மை மெய்மறக்கச் செய்யும் துர்க்காவின் மழையாட்டத்தில் உமா தாஸ்குப்தா என்ற பள்ளிச் சிறுமியின் உண்மையான நடுக்கமும் கலந்திருக்கின்றது.

இடையே பணம் முற்றாக வற்றி ஏறத்தாழ ஓராண்டு வேலை நின்றது. படத்தில் வரும் பூலோ என்ற நாய் அதற்கிடையில் இறந்துவிட்டது. ஒரே காட்சியின் எஞ்சிய பகுதியை ஒத்த தோற்றமுடைய வேறொரு நாயை வைத்து முடித்தனர். மிட்டாய் விற்பவராக நடித்தவரும் காலமானார். அவருக்குப் பதிலாக வந்தவரின் முதுகை மட்டுமே கமரா காட்டியது. சிறுவனின் குரல் உடையாததும், சிறுமி வளர்ந்துவிடாததும், முதியவள் இறந்துபோகாததுமே தமது படத்தைக் காத்த மூன்று அற்புதங்கள் என்று ராய் பின்னாளிற் கூறியதில் நகைச்சுவை மட்டுமன்றி ஒரு தயாரிப்பு முறையின் பொருளாதாரமும் அடங்கியுள்ளது.

அந்த முதியவள் சுனிபாலா தேவி. எண்பது வயதை எட்டிய, உலகம் மறந்துவிட்ட பழைய மேடை நடிகை. அவருக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் கொடுக்கப்பட்டது. இறுதியூர்வலக் காட்சியில் அவரைப் பாடையிற் கிடத்திச் சுமந்தனர். காட்சி முடிந்தும் அவர் அசையவில்லை, குழுவினர் திகைத்தனர். முடிந்துவிட்டதென யாரும் சொல்லாததால் தாம் பிணமாகவே கிடந்ததாக அவர் கண்விழித்துக் கூறினார். இத்தகைய தொழிற் பற்றினை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது? படம் பொதுமக்களுக்குத் திரையிடப்படுமுன்னரே அவர் மறைந்தார்.

படத்தின் பணம் வந்த வழியும் நமது கவனத்துக்குரியது. ராய் தமது ஆயுட் காப்புறுதிப் பத்திரத்தை ஈடுவைத்தார். அருமையாகச் சேர்த்த இசைத்தட்டுகளை விற்றார். அதுவும் போதாதபோது அவரது மனைவி பிஜோயாவின் நகைகள் அடகுக் கடைக்குச் சென்றன. படத்திலே கணவன் தொலைவிலிருக்க, சர்வஜயா பிள்ளைகளின் பசிக்காக வீட்டுப் பாத்திரங்களை விற்கிறாள். அக்காட்சியின் யதார்த்தத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய விமர்சகர்கள், அதைப் படமாக்குவதற்கும் ஒரு பெண்ணின் உடைமையே விலைபோயிற்று என்பதை ஓர் அடிக்குறிப்பாகவே கருதினர். கதைக்குள்ளும் கதைக்கு வெளியிலும் நெருக்கடியின் சுமை குடும்பத்திலே பெண்ணின் தோளில்தான் இறங்கியது.

இறுதியில் படத்தை முடிக்க உதவியது பொதுப்பணமாகும். முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் காலத்து மேற்கு வங்க அரசு பணம் வழங்கியது. படத்தின் பெயரிலே பாதை இருந்தமையால் அப்பணம் வீதி அபிவிருத்திக் கணக்கில் எழுதப்பட்டது என்பர். பூர்ஷ்வா அரசின் அலுவலகங்கள் கலையை எவ்வளவு விளங்கிக்கொண்டிருந்தன என்பதற்கு இது ஒரு சான்று. எனினும் அந்த விளங்காமைக்கு ஊடாக வந்த மக்கள் பணமே, தனியார் முதலாளி எவரும் தொட மறுத்த படத்தை உலகுக்களித்தது. 1955 மே 3 இல் நியூயோர்க் நவீன கலைக் காட்சிச்சாலையில் முதன்முதலாகத் திரையிடுவதற்காக, தொகுப்பாளர் துலால் தத்தாவும் ராயும் இறுதி நாட்களில் இரவு பகலாக உழைத்தனர்.

இவ்வனுபவம் நமக்கு அந்நியமானதன்று. முதற் சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947 இல் வெளிவந்தபோது அது மதுரை ஸ்ரூடியோவிலே தயாராகியிருந்தது. அம்மரபை உதறி, லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1956 இல் ‘ரேகாவ’வை நமது கிராமத்து வெயிலிலே படமாக்கினார். அவரும் ஒளிப்பதிவாளர் வில்லி பிளேக்கும் தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்தவும் அரசாங்கத் திரைப்படப் பிரிவின் நிலையான வேலையைத் துறந்தே அத்துணிவை மேற்கொண்டனர். அங்கும் சுதந்திரத்துக்கான விலையைக் கலைஞரே முற்பணமாகச் செலுத்தினர்.

வறுமை இப்படங்களுக்கு எந்த நன்மையும் செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தது. நட்சத்திரங்களை வாங்கப் பணமில்லாமையால் புதுமுகங்கள் வந்தன. அரங்கமைக்கப் பணமில்லாமையால் உண்மையான வீடும் குளமும் மரமும் வந்தன. புகைவண்டிக் காட்சிக்காக ஒரே நாளில் மூன்று வண்டிகளுக்குக் காத்திருந்து, கரும்புகை எழுவதற்காகத் தமது குழுவில் ஒருவரை இயந்திரத்திலேயே ஏற்றி அனுப்பியவர்கள், ஒவ்வொரு சட்டகத்தையும் பொன்போல மதிக்கப் பழகினர். ஆனால் இவற்றை ஆக்கியது வறுமையன்று; வறுமையை எதிர்த்து நின்ற மனிதரின் கூட்டுழைப்பாகும். பசி கவிஞனை உண்டாக்குகிறது என்ற பழைய பொய்யைத் திரைப்படத்துக்கும் நாம் நீட்டிவிடலாகாது.

இன்று இக்கேள்வி மேலும் கூர்மையடைந்துள்ளது. எண்முறைக் கமரா வந்தபின் படச்சுருளின் செலவு ஒழிந்தது. ஆகவே சிறுபடமொன்றிற் குறைக்கப்படக்கூடிய பெருஞ்செலவு மனித உழைப்பே. விடியுமுன் வந்து நள்ளிரவில் வீடு திரும்பும் உதவியாளன், விளக்குச் சுமப்பவன், சமைப்பவள் ஆகியோரிடம் “இது கலைக்காக” என்று கூறிக் கூலியைத் தள்ளிப்போடுவது எளிதாகிவிட்டது. நெறியாளன் தன் பத்திரத்தை ஈடுவைப்பது அவனுடைய தெரிவு. படம் வென்றால் புகழ் அவனைச் சேரும். பிறருடைய கூலியை ஈடுவைக்க அவனுக்கு உரிமை கிடையாது. சுரண்டலை எதிர்த்து எடுக்கப்படும் படம் சுரண்டலினால் எடுக்கப்படுமாயின், அதன் முற்போக்கு திரையின் மேற்பரப்போடு நின்றுவிடும்.

எனவே, நமது மாணவரும் ஆசிரியரும் திரைப்படச் சங்கங்களிலே ஒரு படத்தை ஆராயும்போது, அதன் உள்ளடக்கம் யாது, உருவம் யாது என்று கேட்பதுடன் அதன் உற்பத்தி உறவு யாது என்றும் கேட்கவேண்டும். நல்ல படத்துக்குப் பொதுப்பணம் வேண்டுமென்று கோருவோம். அப்பணத்தில் முதலிற் கூலி கொடுக்கப்படவேண்டுமென்றும் கோருவோம். ‘பதேர் பாஞ்சாலி’யை மறுமுறை பார்க்கையில், வெண்பூக்களுக்கிடையே ஓடும் அவ்விரு குழந்தைகளோடு, அப்பூக்களுக்காக ஓராண்டு காத்திருந்தவர்களையும் நாம் காணப் பழகவேண்டும்.