மனச்சான்று: செகசிற்பியரின் இரு பாத்திரங்கள்

தீயன செய்து கலங்காது நிற்போரை 'மனச்சான்று அற்றவர்' என ஒரு சொல்லில் அடக்கிவிடுதல் உலகியல்பு. செகசிற்பியரின் துன்பியல் நாடகங்களைக் கற்போர் பலரும் மக்பெத்தின் மனைவியையும் 'ஒதெல்லோ' நாடகத்து இயாகோவையும் இவ்வாறே ஒரு நிரையில் வைத்தெண்ணுவர். ஆயின், மனச்சான்றை அடக்கினோர் வேறு. அஃது இல்லாதோர் வேறு.

மக்பெத்தின் மனைவியை முதற்கண் நோக்குவாம். கழிவிரக்கம் தன்னுள் நுழையும் வழியை அடைக்குமாறு அவள் ஆவிகளை வேண்டுகின்றாள். இல்லாத ஒன்றுக்கு எவரும் அணை கோலார். உறங்கும் மன்னன் டங்கனிடத்தே தன் தந்தையின் சாயலைக் கண்டமையால், அவனைத் தன் கையாற் கொல்ல அவளுக்கு இயலாதாயிற்று. எனினும், கொலை நிகழ்ந்தபின் சிறிது நீரே கறையைப் போக்கும் என்று கணவனைத் தேற்றுகின்றாள். அவ்வுறுதி ஐந்தாம் அங்கத்திற் காணப்படவில்லை. உறக்கத்தில் எழுந்து நடக்கின்றாள். விழி திறந்திருந்தும் பார்வையில்லை. இல்லாத குருதியைக் கழுவுவாள்போலக் கைகளைத் தேய்க்கின்றாள். பகலில் அடக்கியவற்றை இரவில் அவள் வாயே வெளிப்படுத்துகின்றது.

தாங்கவொண்ணா அனுபவத்தின் நினைவு நனவினின்றும் பிரிந்து தனித்தியங்கும் என்பது பிரான்சிய உளநூலறிஞர் பியர் ஜனே கண்ட உண்மை. உளத்தின் தன்னியக்கம் பற்றிய அவரது நூல் 1889இல் வெளிவந்தது. ஏறத்தாழ 1606இல் எழுந்த நாடகமோ அந்நனவுப் பிரிவை மேடையிலேயே காட்டிவிட்டது. சிக்மண்ட் புரொய்ட் 1916இல் இப்பாத்திரத்தை ஆராய்ந்து, எண்ணியது எய்தியபின் நிலைகுலைவோருள் ஒருத்தியாக இவளை வைத்தார். அந்நிலைகுலைவைப் பிள்ளைப்பேறின்மையோடும் தொடர்புபடுத்தினார். அத்துணைத் தொலைவு செல்லவேண்டுவதில்லை. அவள் அடைத்த வழியே உடைந்தது என்பதற்கு நாடகத்துட் சான்று உண்டு. உளவடு தீங்குற்றார்க்கே உரியதன்று. தீங்கிழைத்தாரையும் அது பற்றும். ஆயினும் அவ்வடு குற்றத்தைக் கழுவிவிடாது.

இயாகோவின் இயல்பு வேறு. நாடகத்தில் யாவரும் அவனை நேர்மையாளன் என்றே அழைக்கின்றனர். காசியோ பெற்ற பதவி, மனைவிமேற் கொண்ட ஐயம் எனத் தன் பகைக்குக் காரணங்களை மாற்றி மாற்றிக் கூறுகின்றான். அவற்றுள் ஒன்றேனும் அவன் செய்த அழிவுக்கு ஈடாகாது. டெஸ்டிமோனா மாண்டபோதும் அவன் கலங்கினானல்லன். உண்மையுரைத்த எமிலியாவைக் குத்திக் கொல்கின்றான். வினவியபோது வாய்திறவேன் என்கின்றான். அவனுக்கு உறக்க நடையும் இல்லை, கறையும் இல்லை. அறிவும் இன்சொல்லும் குறைவற இருந்தும் நாணமும் கழிவிரக்கமும் அற்ற மாந்தரை அமெரிக்க மனநோய் மருத்துவர் ஹேர்வி கிளெக்லி 1941இல் விரிவாக ஆராய்ந்து, நலவுளத்தின் முகமூடி எனப் பொருள்படும் பெயரைத் தம் நூலுக்கு இட்டார். இயாகோவை நோயாளி என முடிவுகட்டுதல் திறனாய்வாளர்க்குரிய பணியன்று. எனினும் அம்முகமூடி அவனுக்கும் உண்டு என்பது வெளிப்படை.

தீவினையாளரை அவர்தம் நெஞ்சமே ஒறுக்கும் என்பது அறநூலோர் துணிபு. மக்பெத்தின் மனைவி அதற்குச் சான்று. இயாகோ அதற்குப் புறனடை. ஆதலினன்றோ அவன் தண்டனை நெஞ்சிடம் விடப்படாது, சைப்பிரசின் ஆளுநனாகிய காசியோவிடம் ஒப்புவிக்கப்படுகின்றது! நெஞ்சம் ஒறுக்காதவிடத்து நீதிமன்றே ஒறுத்தல்வேண்டும்.

கலங்காத முகத்தை மாத்திரம் கண்டு ஒருவர்க்கு நெஞ்சில்லை எனத் துணிதல் தகாது. பகலில் இவ்விருவர் முகமும் ஒன்றே. இரவே அவர்களை வேறுபடுத்திக் காட்டிற்று. நாடகத்தைக் கற்பிப்போரும் மாந்தரை மதிப்பிடுவோரும் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.