பேனா விழுந்த பிறகு

படத்தில் பாட்டு வந்தால் கதை இளைப்பாறுகிறது என்று நம்பியிருந்தவன் நான். மக்கோட்டோ ஷின்காயின் 'யுவர் நேம்' (2016) என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் அந்த எண்ணத்தை அசைத்துவிட்டது. இசை, ராட்விம்ப்ஸ் என்ற றொக் குழு. திரைக்கதை நிலையிலேயே அவர்களை அழைத்து, பாடல்களுக்கேற்பக் காட்சிகளையும் திருத்தியிருக்கிறார் ஷின்காய்.

அந்தி வெளிச்சத்தில் மலையுச்சியில் தக்கியும் மிட்சுஹாவும் சந்திக்கிறார்கள். பெயர் மறந்துபோகாதிருக்க ஒருவர் உள்ளங்கையில் மற்றவர் எழுத முனைகிறார்கள். பியானோ மட்டும் மெல்ல ஒலிக்கிறது. அவள் ஒரு கோடு இழுத்ததும் மறைந்துபோகிறாள். பேனா விழுகிறது, இசையும் நின்றுவிடுகிறது.

பின்னர் வால்நட்சத்திரம் பிளந்து ஊரை நோக்கி விழும் கட்டத்தில் 'ஸ்பார்க்கிள்' பாடல். ஓடி விழுந்தவள் கையை விரிக்கிறாள். அவன் பெயரை எழுதவில்லை, காதலை எழுதியிருக்கிறான். ஜப்பான் மொழி எனக்குத் தெரியாது. ஆனாலும் யோஜிரோ நோடாவின் குரல் உயர்ந்தபோது, முன்னர் அறுந்த பியானோவே மீண்டும் தொடர்வதுபோல் பட்டது. ஏறக்குறைய ஒன்பது நிமிடப் பாடல் அது, நீளம் தெரியவில்லை.

இதே கூட்டணியின் 'வெதரிங் வித் யூ' (2019) படத்தில், இருவரும் வானிலிருந்து விழும்போது 'கிராண்ட் எஸ்கேப்' பாடல் ஓங்கி ஒலிக்கிறது. நல்ல பாட்டுத்தான். ஆனால் நான் அழுவதற்கு முன்னே அதுவே அழுது முடித்துவிடுகிறது.