தொழில் என்னும் சொல்லும் துரைமார் சங்கமும்

தமிழில் 'தொழில்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. விடியற் கருக்கலில் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறும் பெண் செய்வது தொழில். கொழும்பில் அமர்ந்து ஏலவிற்பனையின் விலையைக் கணிக்கும் கனவான் தமதென்று உரிமை பாராட்டுவதும் தொழில்தான். முன்னது உழைப்பு, பின்னது உடைமை. இவ்விரண்டும் ஒரே சொல்லின் போர்வைக்குள் ஒதுங்கிக்கொள்ளும் விந்தையை அறிய விரும்புவோர் லிந்துலைக்கு வரலாம். தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்குச் செல்லும் பெருவழியில், தேயிலை மலைகள் இருபுறமும் நெருங்கி நிற்கும் சிறு நகரம் அது. சம்பள உயர்வு என்ற பேச்சு அங்குள்ள லயங்களில் எழும்போதெல்லாம், 'தேயிலைத் தொழில் இதைத் தாங்காது' என்ற விடை மேலிருந்து இறங்கி வருகிறது. தாங்காதது எந்தத் தொழில்? கொழுந்து பறிப்பவளின் தொழிலா, கொழுந்தை விற்பவரின் தொழிலா? இந்தக் கேள்வியை நாம் கேட்காத வரையில், அந்த வாக்கியம் இயற்கையின் விதியைப் போலக் காதில் விழுந்துகொண்டேயிருக்கும்.

இவ்வாக்கியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கொழும்பின் வணிகர்கள் தம் வர்த்தக சங்கத்தை 1839 இல் அமைத்தனர். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1854 இல், கண்டியில் கூடிய கோப்பித் தோட்டக்காரர்கள் இலங்கைத் தோட்டத்துரைமார் சங்கத்தை நிறுவினர். ஒவ்வொரு தோட்டப் பகுதியிலும் அதன் கிளைகள் தோன்றின. துரைமார் கிரிக்கெட் ஆடிய திடல்களிலும் மாலை வேளைகளில் ஒன்றுகூடிய கழகங்களிலும் தொடங்கிய பேச்சு, கிளைச் சங்கத்தின் தீர்மானமாகும். தீர்மானம் கண்டியில் மகஜராகும். மகஜர் கொழும்பில் தேசாதிபதியின் மேசையை அடையும். முணுமுணுப்பைச் சட்டமாக மாற்றும் ஆலை என்று இந்த ஏற்பாட்டைச் சொன்னால் மிகையாகாது.

அச்சங்கம் கேட்டவை பெரும்பாலும் மூன்றே பொருள்கள்: பாதை, புகைவண்டி, ஆள். மூன்றும் கிடைத்தன. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி 1867 இல் ஓடியது. 1885 இல் அது நானுஓயா வரை ஏறிற்று. ஆள் திரட்டுவதற்கென்றே 1904 இல் திருச்சிராப்பள்ளியில் ஓர் அலுவலகத்தைத் துரைமார் சங்கம் திறந்தது. சட்டநிரூபண சபையில் தோட்ட நலனுக்கும் வணிக நலனுக்கும் பேசுவதற்கு ஐரோப்பிய அங்கத்தினர் அமர்ந்திருந்தனர். பத்திரிகை அவர்களுடையதாக இருந்தது. பெர்குசன் குடும்பத்தினர் ஒப்சேவர் பத்திரிகையை நடத்தினர். தோட்டங்களின் பெயரும் பரப்பும் விளைச்சலும் அடங்கிய விவரக்கொத்தையும் வெளியிட்டனர். அவர்களுள் ஒருவரான ஜோன் பெர்குசன் சட்டநிரூபண சபையிலும் இடம்பெற்றார். மலையில் உழைத்தோர் சார்பில் ஒரு குரல் அந்தச் சபைக்குள் நுழைவதற்கோ 1920களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே நாம் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். தோட்ட உடைமையாளர் சங்கம் சேர்வதையும், தம் நலனை அரசிடம் எடுத்துரைப்பதையும் நாம் குற்றமாகக் கருதவில்லை. சங்கம் சேரும் உரிமை நமக்கு வேண்டுமென்றால் அது அவர்களுக்கும் உண்டு. அவர்கள் பேசியவை யாவும் பொய் என்று சொல்வதும் நேர்மையாகாது. ஏற்றுமதித் தேயிலைமீது தாமே ஒரு வரியை ஏற்று, அதைக்கொண்டு ஆராய்ச்சி நடத்த வேண்டுமென்று துரைமார் முனைந்ததன் பயனாகவே 1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் சட்டப்படி அமைந்தது. லிந்துலைக்கு அண்மையில், தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் அது இன்றும் நிற்கிறது. நாட்டின் தேயிலை அதனால் அடைந்த நன்மை பெரிது. 2021 இல் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரே ஆணையில் தடுத்தபோது, தேயிலை அழியும் என்று எச்சரித்தவர்களுள் துரைமார் சங்கத்தாரும் இருந்தனர். அவர்கள் சொன்னது சரியாயிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் அரசு பின்வாங்கியது. தம் நலனும் நாட்டின் நலனும் உண்மையாகவே ஒன்றுபட்ட இடத்தில் அவர்களுடைய வாதம் வலிமை பெற்றது.

அவ்விரண்டும் ஒன்றுபடாத இடத்திலும், ஒன்றுபட்டுவிட்டனவென்று அதே குரலில், அதே சொற்களில் பேசுவதே நாம் சுட்டும் குற்றம்.

சம்பளத்தின் கதையைப் பார்ப்போம். இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் விதிக்கும் சட்டம் 1927 இல் நிறைவேறிற்று. 1929 இல் அது நடைமுறைக்கு வந்தபோது, லிந்துலை போன்ற மேல்மலைப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 'தொழிலைக் காப்பாற்ற வேண்டும்' என்ற கூக்குரலும் உடன் வந்தது. அந்தச் சதங்களும் வெட்டப்பட்டன. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்ற எளிய நீதி மலைக்கு வந்து சேர 1984 ஆயிற்று. கொழுந்தின் பெரும்பகுதியைப் பறித்தவள் பெண். குறைந்த கூலி பெற்றவளும் அவளே. ஐம்பத்தைந்து ஆண்டுகள் தேயிலைத் தொழிலைத் தாங்கியது யார் என்பதை இக்கணக்கே கூறிவிடுகிறது.

பின்னர் உடைமை கைமாறியது. 1972 இலும் 1975 இலும் வந்த நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் வசமாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசுடையது, கம்பனிகள் குத்தகைக்காரர்கள். எனினும் 'தொழில்' என்ற சொல்லுக்கு மட்டும் குத்தகைக் கால எல்லை எதுவுமில்லை. அது முன்போலவே சங்கத்தின் நிரந்தரச் சொத்தாக இருந்துவருகிறது. 1929 இல் உருவான முதலாளிமார் சம்மேளனத்தின் வழியாகக் கம்பனிகள் தொழிற்சங்கங்களோடு கூட்டு ஒப்பந்தம் செய்தன. 2021 இல் சம்பள நிர்ணயசபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்கியபோது கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. 2024 மே தினத்தையொட்டி 1,700 ரூபா என்று வர்த்தமானி அறிவித்தது. கம்பனிகள் மீண்டும் வழக்குத் தொடுத்தன. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக முடிந்தது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டமோ அடிப்படைச் சம்பளத்தை 1,550 ரூபாவாக்கவும், வருகைக்கான ஊக்கத்தொகையாக 200 ரூபாவை அரசே வழங்கவும் முன்மொழிந்தது. குத்தகைக்காரர் கொடுக்க வேண்டிய கூலியின் ஒரு பங்கைப் பொதுமக்களின் திறைசேரி சுமக்க முன்வந்த இச்செய்தி, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் மகஜர் கலையின் வெற்றிகளுள் ஒன்றென நாம் கருதுகிறோம்.

'தேயிலைத் தொழில்' என்று இவர்கள் கூறும்போது அதனுள் யார் யார் அடங்குகின்றனர் என்றும் பார்க்க வேண்டும். இன்று நாட்டின் தேயிலையில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி சிறுதோட்டக்காரர் வளர்க்கும் கொழுந்திலிருந்து வருகிறது. லிந்துலைக் கடைத்தெருவில் பற்றுக் கணக்கு எழுதும் சிறுவியாபாரியின் வாழ்வும் தேயிலையோடு பிணைந்ததே. லயத்தில் சம்பளம் உயர்ந்தால் அவன் கடையில் அரிசி விற்கும். சம்பளம் சுருங்கினால் கடன்கொப்பி பெருக்கும். வியாபாரியின் நலன் இங்கே தொழிலாளியின் நலனோடு நிற்கிறது. ஆயினும் சம்பளம் பற்றிய விவாதத்தில் 'வணிகத்தின் குரல்' என்று அரசின் செவியில் விழுவது அவன் குரலா? சிறுதோட்டக்காரரையும் சிறுகடைக்காரரையும் கொழுந்து பறிப்பவளையும் கழித்துவிட்டு மிச்சமிருப்பதற்குத் தொழில் என்று பெயர் சூட்டுவது எந்தக் கணக்கு?

இதிலே இலக்கியத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நிறைய வேலை இருக்கிறது. மலையகத்துத் தமிழில் முதன்முதல் அச்சேறிய நூல்களுள் ஒன்று ஆபிரகாம் ஜோசப் என்பார் 1869 இல் வெளியிட்ட 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. கோப்பிப் பயிரின் நுட்பங்களைக் கும்மிப் பாட்டில் கூறும் அந்நூல் துரையின் கண்களாலேயே தோட்டத்தைக் காண்கிறது. கும்மி பெண்கள் கைகொட்டி ஆடும் பாட்டு. உழைக்கும் பெண்ணின் கலைவடிவத்தைக் கைக்கொண்டு உடைமையாளரின் நியாயத்தை அதில் ஏற்றினர். சொல்லைக் கவர்வதற்கு முன்பே பாட்டைக் கவர்ந்தாயிற்று! அதே 1869 இல்தான் கோப்பி இலைகளில் நோயும் கண்டது என்பது வரலாற்றின் குறும்பு.

இதற்கு மறுமொழியாக எழுந்தவர் கோ. நடேசய்யர். அவர் தொழிற்சங்கவாதியாக இலங்கைக்கு வந்தவரல்லர். தஞ்சையில் வணிகருக்கென இதழ் நடத்தியவர். வணிகர் சங்க அலுவலாகவே இங்கு வந்தவர். துணி வியாபாரியின் வேடத்தில் தோட்டத்துக்குள் புகுந்து லயங்களைக் கண்டதும் அவருடைய பாதை திரும்பிற்று. ஒரு வர்க்கம் எவ்வாறு சங்கம் அமைக்கும், எவ்வாறு மகஜர் எழுதும், எவ்வாறு பத்திரிகையைக் கையாளும் என்பதை வணிகர் மத்தியில் கற்றவர், அந்தக் கருவிகளையே தொழிலாளியின் கையில் கொடுத்தார். 1931 இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். பின்னர் அட்டன் தொகுதியின் அங்கத்தினராக அரசாங்க சபையில் அமர்ந்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாடினார். கும்மி பறிபோன மக்களுக்குப் பாட்டு மீண்டும் கிடைத்தது.

அவர்களுக்குப் பின் வந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த கவிஞர். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர். மலையின் கவிதையும் மலையின் வாக்கும் ஒரே மனிதரிடத்தில் கூடிய அரிய காலம் அது. அக்காலம் நீடிக்கவில்லை. 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. இந்த இடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். துரைமார் சங்கத்துக்கு வாக்குச்சீட்டு தேவைப்பட்டதே இல்லை. அதன் குரல் வாக்குப்பெட்டிக்கு அப்பாலிருந்தே எப்போதும் ஒலித்தது. தொழிலாளிக்கோ அரசின் செவியை எட்டும் ஏணி வாக்கு ஒன்றே; அந்த ஏணி எடுக்கப்பட்டது. எஞ்சியிருந்தோர் அனைவருக்கும் பிரஜாவுரிமை உறுதிப்பட 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை செல்ல வேண்டியிருந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் 'தேயிலைத் தொழில்' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் யாரிடம் குவிந்தது என்பதில் வியப்பென்ன?

நம் எழுத்தாளரிடம் நமக்கு ஒரு குறை உண்டு, அன்போடு கூறுகிறோம். மலையகக் கதைகளில் கொடிய துரையைக் கண்டிருக்கிறோம். ஏய்க்கும் கங்காணியைக் கண்டிருக்கிறோம். அட்டை கடித்த காலையும் ஒழுகும் கூரையையும் கண்டு கண்ணீர் விட்டிருக்கிறோம். அவை பொய்யல்ல. ஆனால் துரை தனி மனிதன். அவன் மாறிப் போவான், நல்லவனாகவும் இருப்பான். அவன் கையெழுத்திட்ட தீர்மானம் மாறுவதில்லை. தீர்மானம் மகஜராகி, மகஜர் சட்டமாகி, சட்டம் ஒரு பெண்ணின் கூடையில் இத்தனை கிலோ என்று வந்து உட்காரும் அந்த நீண்ட வழியை நடந்து காட்டிய கதையை நாம் அரிதாகவே படித்திருக்கிறோம். கண்ணீரை மட்டும் எழுதும் இலக்கியத்தை எதிர்த்தரப்பும் அனுதாபத்தோடு வாசிக்கும். வாசித்துவிட்டு அடுத்த மகஜரை எழுதப் போய்விடும்.

எதிர்த்தரப்பிடமிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர்கள் எண்ணுகிறார்கள், எழுதுகிறார்கள், சேமித்து வைக்கிறார்கள். தம் ஆண்டறிக்கைகளை அவர்கள் இழப்பதில்லை. நம்மிடமோ துண்டுப்பிரசுரங்கள் கறையானுக்கு இரையாயின. கூட்டங்களில் முழங்கிய பேச்சுகள் மலைக்காற்றோடு போயின. நாட்டார் பாடல்களைச் சி. வி. தொகுத்து வைத்தார்; சம்பளச் சிட்டைகளைத் தொகுத்து வைத்தவர் யார்? ஆசிரியர்களே, இது உங்கள் வகுப்பறையில் தொடங்கக்கூடிய பணி. கம்பனியின் ஆண்டறிக்கை பொது ஆவணம். வர்த்தமானி பொது ஆவணம். அவ்விரண்டையும் ஒரு தாயின் சம்பளச் சிட்டையோடு மேசையில் வைத்து மாணவரோடு ஒரு மணி நேரம் வாசித்துப் பாருங்கள். 'தாங்காது' என்ற சொல் எந்த வரியில் பிறக்கிறது, அதனை யார் தாங்குகிறார் என்பதை மாணவரே கண்டுகொள்வர்.

தொழில் என்னும் சொல் நம் மொழியில் முதலில் கைகளுக்கு உரியதாகவே இருந்தது. அதை அந்தக் கைகளுக்கு மீட்டுத் தருவது சட்டசபையின் வேலை மட்டுமன்று. தமிழ் எழுதுவோரின் வேலையும் ஆகும். அடுத்த முறை 'தேயிலைத் தொழில் தாங்காது' என்ற செய்தி லிந்துலைக்கு வரும்போது, 'தொழில் என்று நீங்கள் கூறுவது எங்களையா?' என்று ஒரு மாணவி கேட்டுவிட்டால் போதும். அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை எந்த மகஜரிலும் எழுதப்பட்டிருக்காது.