டாம் ஃபோர்டு: ஆடையும் திரையும்

டாம் ஃபோர்டு (பிறப்பு: ஆகஸ்ட் 27, 1961) அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர், திரைப்பட இயக்குநர். நலிந்து கிடந்த கூச்சி என்ற இத்தாலிய நிறுவனத்தை 1990களில் தூக்கி நிறுத்தியவர். ‘எ சிங்கிள் மேன்’ (2009), ‘நாக்டர்னல் அனிமல்ஸ்’ (2016) ஆகிய படங்களை இயக்கினார். அழகை விற்றுப் பெயர் பெற்றவரின் படங்களில் அழகைத் தவிர வேறு ஏதும் இருக்கிறதா என்ற கேள்வி அவர் மீதான விமர்சனங்களில் திரும்பத் திரும்ப எழுகிறது. அவருடைய இரு துறைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் அதற்கு விடை காண முடியும்.

பிறப்பு, கல்வி

ஃபோர்டு டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் பிறந்தார். பதினொரு வயதில் குடும்பத்துடன் நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே நகருக்குக் குடிபெயர்ந்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிக்கத் தொடங்கி இடையில் நிறுத்தினார். பின்னர் பார்சன்ஸ் கல்லூரியில் கட்டடக் கலை பயின்று 1986இல் பட்டம் பெற்றார். ஆடைத் துறைக்கு வந்தவர் முறையாகப் படித்தது கட்டடக் கலை என்பது நினைவில் கொள்ளத்தக்கது. அவருடைய படங்களில் வீடுகள் பாத்திரங்களைப் போலவே பேசுகின்றன.

ஆடைத் துறை

ஃபோர்டு 1990இல் கூச்சி நிறுவனத்தின் பெண்களுக்கான ஆயத்த ஆடைப் பிரிவில் சேர்ந்தார். 1921இல் ஃபிளாரன்ஸ் நகரில் தோல் பொருள் கடையாகத் தொடங்கிய நிறுவனம் அப்போது கடனிலும் குடும்பச் சண்டையிலும் சிக்கியிருந்தது. 1994இல் அதன் படைப்பு இயக்குநரானார். மறு ஆண்டு அவர் வெளியிட்ட வெல்வெட் கால்சட்டைகளும் பளபளக்கும் சாட்டின் சட்டைகளும் நிறுவனத்தின் போக்கையே மாற்றின. அதே ஆண்டு எம்டிவி விருது விழாவுக்குப் பாடகி மடோனா அந்த உடையில் வந்தார். 1999இல் கூச்சி குழுமம் ஈவ் சான் லோரான் நிறுவனத்தை வாங்கியபோது அதன் ஆயத்த ஆடைகளின் பொறுப்பும் ஃபோர்டிடம் வந்தது.

அவர் ஆடையை மட்டும் வடிவமைக்கவில்லை. கடையின் விளக்கு, விளம்பரப் படம், வாசனைத் திரவியக் குப்பி என அனைத்தையும் ஒரே கண்ணோட்டத்தின் கீழ் கொண்டுவந்தார். அந்தக் கண்ணோட்டத்தின் மையத்தில் உடலின் கவர்ச்சி இருந்தது. 2000ஆம் ஆண்டு ‘ஓப்பியம்’ வாசனைத் திரவியத்துக்கு ஆடையின்றிப் படுத்திருக்கும் பெண்ணின் படம் விளம்பரமாக வந்தது. நூற்றுக்கணக்கான புகார்களுக்குப் பின் பிரிட்டனில் அது தெருத் தட்டிகளிலிருந்து அகற்றப்பட்டது. சலவைக்கல் சிலையைப் போல ஒளியூட்டப்பட்ட அந்த உடலைப் பற்றிக் கீழே மீண்டும் பேச வேண்டியிருக்கிறது.

2004இல் ஃபோர்டு கூச்சி குழுமத்தை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். ‘குவாண்டம் ஆஃப் சொலேஸ்’ (2008) முதல் ஜேம்ஸ் பாண்ட் அணிந்த கோட்டுகள் அவர் தைத்துக் கொடுத்தவை. எஸ்டீ லாடர் நிறுவனம் 2022இல் ஃபோர்டின் நிறுவனத்தை 280 கோடி டாலர் என மதிப்பிட்டு வாங்க ஒப்பந்தம் செய்தது. 2023இல் விற்பனை நிறைவுற்றது.

எ சிங்கிள் மேன்

கிறிஸ்டோபர் ஈஷர்வுட் 1964இல் எழுதிய நாவலைத் தழுவிய படம். ஃபோர்டு இதைத் தன் சொந்தப் பணத்தில் எடுத்தார். 1962, லாஸ் ஏஞ்சலிஸ். ஆங்கிலப் பேராசிரியர் ஜார்ஜின் (காலின் ஃபிர்த்) வாழ்க்கைத் துணையான ஜிம் எட்டு மாதங்களுக்கு முன் கார் விபத்தில் இறந்துவிட்டான். ஒரே நாளில் நடக்கும் கதை. அன்று இரவு உயிரை விடுவதென்று ஜார்ஜ் முடிவு செய்திருக்கிறான். மூல நாவலில் இந்தத் தற்கொலைத் திட்டம் கிடையாது. அது ஃபோர்டு சேர்த்தது.

படம் வாசனைத் திரவிய விளம்பரம் போல இருக்கிறது என்று சிலர் குறை கூறினர். மடிப்புக் கலையாத கோட்டு, கண்ணாடியும் மரமுமான வீடு, செதுக்கியது போன்ற முகங்கள் எல்லாம் அந்தக் குறைக்கு இடம் தருகின்றன. ஆனால் கதையில் நேர்த்தி என்ன வேலை செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜிம்மின் சாவு ஜார்ஜுக்குத் தொலைபேசியில் வருகிறது. இறுதிச் சடங்கு குடும்பத்தாருக்கு மட்டும் என்றும் சொல்லப்படுகிறது. கேமரா பெரும்பாலும் ஃபிர்த்தின் முகத்திலேயே நிற்கிறது. குரல் குலையாமல் நன்றி சொல்லிப் பேச்சை முடிக்கிறான். அதன் பிறகுதான் உடைகிறான்.

பதினாறு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவனுக்கு ஊரறிய அழ உரிமை இல்லை. அப்படிப்பட்டவனுக்குச் சட்டைப் பொத்தானும் கழுத்துப்பட்டையும் அலங்காரம் ஆவதில்லை. அவை அவனைச் சிதறாமல் கட்டி வைக்கும் கயிறுகள். தான் இறந்த பின் அணிவிக்க வேண்டிய உடையை அவன் எடுத்து வைக்கிறான். கழுத்துப்பட்டையின் முடிச்சு எப்படி இருக்க வேண்டும் என்று குறிப்பும் எழுதுகிறான். ‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பார்கள். இங்கே ஆளின் பாதி ஏற்கெனவே போய்விட்டது. ஆடைப் பாதி மட்டும் நின்றுகொண்டிருக்கிறது.

வண்ணமும் இதே வேலையைச் செய்கிறது. ஜார்ஜின் நாள் வெளிறிய நிறத்தில் செல்கிறது. ஒரு சிறுமியின் நீல உடையோ மாணவன் கென்னியின் முகமோ கண்ணில் படும்போது மட்டும் திரையில் நிறம் ஏறுகிறது. முதலில் மனத்தைத் தொடும் இந்த உத்தி, பலமுறை வரும்போது பார்வையாளருக்கு உரை எழுதிக் கொடுப்பது போலாகிவிடுகிறது. ஃபிர்த்தின் நடிப்புக்கு அந்த உதவி தேவையில்லை. வெனிஸ் விழாவில் அவர் சிறந்த நடிகர் விருது பெற்றார்.

நாக்டர்னல் அனிமல்ஸ்

ஆஸ்டின் ரைட் 1993இல் எழுதிய ‘டோனி அண்ட் சூசன்’ நாவலின் தழுவல். சூசன் (ஏமி ஆடம்ஸ்) லாஸ் ஏஞ்சலிஸில் கலைக்கூடம் நடத்துபவள். பல ஆண்டுகளுக்கு முன் பிரிந்த கணவன் எட்வர்ட் (ஜேக் ஜில்லன்ஹால்) தான் எழுதிய நாவலின் கையெழுத்துப் படியை அனுப்புகிறான். அதில் மேற்கு டெக்சாஸின் இரவு நெடுஞ்சாலையில் ஒருவனுடைய மனைவியும் மகளும் கடத்தப்படுகிறார்கள். படிக்கப் படிக்க, தான் எட்வர்டுக்குச் செய்த கொடுமை சூசனுக்கு உறைக்கிறது.

மூல நாவலின் சூசனுக்குக் கலைக்கூடம் இல்லை. அவளை அழகு விற்கும் தொழிலுக்கு மாற்றியவர் ஃபோர்டு. தன் சொந்த உலகத்தையே அவர் கூண்டில் நிறுத்துகிறார். சூசனின் வீட்டில் குறையொன்றும் இல்லை, தூக்கமும் இல்லை. தன் நிறுவனத்தின் உடைகளை இப்படத்தில் ஃபோர்டு பயன்படுத்தவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

இருந்தும் படத்தின் மிகப் பெரிய குறை அவருடைய கண்ணிலிருந்தே வருகிறது. கொல்லப்பட்ட தாயும் மகளும் வெட்டவெளியில் சிவப்புச் சோபா மீது கிடத்தப்பட்டிருக்கிறார்கள். உடல்களில் ஆடை இல்லை. ஒளியும் கிடையும் ஓவியம் போல அமைந்திருக்கின்றன. ‘ஓப்பியம்’ விளம்பரத்தை அறிந்தவர்களுக்கு அந்தப் படுகை அந்நியமாகத் தெரியாது. இது சூசனின் கற்பனையில் எழும் காட்சி, அவளுக்கு எதையும் கலைப்பொருளாகவே காணத் தெரியும் என்று வாதாடலாம். எட்வர்டின் எழுத்தை அவள் முன்பு இகழ்ந்ததும் ஒரு சிவப்புச் சோபாவில் அமர்ந்துதான். வாதம் சரியானதே. ஆனாலும் அந்த இரு பெண்களுக்கும் படத்தில் தனி வாழ்வு மிகக் குறைவு. கணவனின் வலியைக் காட்டும் படமாகவே அவர்கள் முடிந்துபோகிறார்கள். விளம்பரத்தில் உடலைப் பொருளாக்கிய பார்வையை ஃபோர்டு இங்கே கண்டிக்கவும் செய்கிறார், கைவிடாமலும் இருக்கிறார்.

இப்படம் வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசைப் பெற்றது.

மதிப்பீடு

இரு படங்களில் ‘எ சிங்கிள் மேன்’ சிறந்தது. அதில் அழகு ஒரு மனிதனின் தேவையாக இருக்கிறது. இரண்டாவது படம் கதைப் பின்னலில் கெட்டியானது, துணிச்சலானது. ஆனால் தான் குற்றம் சாட்டும் அழகிலேயே அது மயங்குகிறது. ‘வெறும் மேற்பூச்சு’ என்ற குற்றச்சாட்டு இரண்டுக்கும் பொருந்தாது. மேற்பூச்சுக்குப் பின்னால் வாழ நேர்ந்தவர்களைப் பற்றியவை இப்படங்கள்.

இரண்டாவது படத்தின் இறுதியில் எட்வர்டைச் சந்திக்கக் கிளம்பும் சூசன், கண்ணாடி முன் நின்று உதட்டுச் சாயத்தைத் துடைத்து எடுக்கிறாள். உணவகத்தில் காத்திருக்கிறாள். அவன் வருவதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்களை அலங்கரித்தவர் எடுத்த படத்தில், அலங்காரத்தைக் களைந்த முகத்தின் மீதுதான் கேமரா கடைசியாக நிற்கிறது. ஃபோர்டை இயக்குநராக மதிப்பிட அவருடைய கோட்டுகளைவிட இந்தக் காட்சியே பொருத்தமானது.