உரோமியோவின் தோழன்

‘உரோமியோவும் ஜூலியத்தும்’ என்னும் துன்பியல் நாடகத்தை ஆராய்வோர் பெரும்பாலும் காதலர் இருவரோடு நின்றுவிடுகின்றனர். நம் பிள்ளைகளும் பள்ளியில் அவ்வாறே பயில்கின்றனர். நாம் இங்கு நோக்க விரும்புவது உரோமியோவையும் அவன் தோழன் மெர்க்குசியோவையும்.

ஷேக்ஸ்பியருக்கு மூலமாய் அமைந்த ஆர்தர் புரூக்கின் நெடும்பாட்டில் (1562), மெர்க்குசியோ விருந்தில் ஒருமுறை தலைகாட்டும் குளிர்ந்த கையினன், அவ்வளவே. அவனைத் தோழனாக்கி, நாவன்மை ஈந்து, காதலை எள்ளவும் வைத்தவர் ஷேக்ஸ்பியர்.

உரோமியோவுக்குக் காதல் முள், குத்தி வருத்துவது. மெர்க்குசியோவோ, அது குத்தினால் நீயும் திருப்பிக் குத்து என்கிறான். அவன் கண்ணில் காதல் உடலின் வேட்கை. மிகுந்தால் ஒரு கனவு. மாப் அரசியைப் பற்றிய அவனது நீண்ட உரையை வெறும் வேடிக்கை எனத் தள்ளுவதற்கில்லை. கொட்டைத் தேரேறி வரும் அக்குறளி காதலரின் மூளையில் ஓடினால் அவர்கள் காதலைக் கனவு காண்பர். வழக்குரைஞர் கட்டணத்தைக் காண்பர். போர்வீரர் கழுத்தறுப்பதைக் காண்பர். காதலும் பேராசையும் கொலைவெறியும் அவனுக்கு ஒரே தேரின் தடங்கள். நகையாடத் தொடங்கியவன் முடிவில் தானே கலங்குவதையும், உரோமியோ அவனை அடக்க நேர்வதையும் நாம் மறத்தலாகாது. காதலை நம்பாதவன் மகிழ்ந்திருப்பவன் அல்லன்.

உரோசலினை எண்ணி உரோமியோ புலம்பிய மட்டில் மெர்க்குசியோவின் ஏளனம் பொருந்தியதே என்பது நம் கருத்து. அப்புலம்பலில் ஏட்டு மணமே மிகுதி. ஆனால் ஜூலியத்தைக் கண்டபின் நிலை மாறிற்று. அம்மாற்றம் தோழனுக்குத் தெரியாது. மதிலுக்கு வெளியே நின்று உரோசலின் பெயரைச் சொல்லியே அவன் கேலி பேசுகிறான். மறுநாள் உரோமியோ சொல்லுக்குச் சொல் நகையாட, நோய் தீர்ந்தது, பழைய நண்பன் மீண்டான் என்று பூரிக்கிறான். அன்றே உரோமியோவுக்குத் திருமணம்!

நம் அகத்திணை மரபில் பாங்கன் தலைவனைக் கழறுவான். தலைவன் தன் நிலையை எடுத்துரைப்பான். பாங்கன் தலைவியைத் தானே கண்டு, கழறியதற்கு வருந்தித் துணைநிற்பான். மெர்க்குசியோ கழறினான். மறுமொழிதான் அவனுக்குக் கிடைக்கவில்லை.

அதன் விளைவே மூன்றாம் அங்கம். மனைவியின் உறவினன் என்பதால் டிபால்ட்டின் வசைக்கு உரோமியோ பணிந்து விடையளிக்கிறான். காரணம் அறியாத மெர்க்குசியோவுக்கு அது மானக்கேடாகத் தோன்ற, வாளை உருவுகிறான். தடுக்கப் புகுந்த உரோமியோவின் கைக்குக் கீழாகவே டிபால்ட்டின் வாள் பாய்கிறது. இரு குடிகளையும் சபித்து மடிகிறான். ஜூலியத் என்றொருத்தி உண்டென்பதை அறியாமலேயே. காதலை எள்ளியவன் நண்பன்மீது கொண்ட அன்பால் மாண்டான். காதலைப் போற்றியவனோ அந்நண்பனிடம் ஒரு சொல் உரைத்தானில்லை. இவ்விருவருள் அன்பின் இயல்பை நன்கறிந்தவன் எவன் என்று வினவினால், உரோமியோ என்று நம்மால் உடனே விடையிறுக்க இயலவில்லை.

மெர்க்குசியோவை மூன்றாம் அங்கத்தில் கொல்லாவிடில் அவன் தம்மைக் கொன்றிருப்பான் என ஷேக்ஸ்பியரே கூறியதாக 1672-இல் டிரைடன் எழுதினார். அது செவிவழிச் செய்தி; அவன் நகைச்சுவையை மட்டும் எண்ணிச் சொல்லப்பட்டது போலும். இறுதிக் காட்சியில் பாதிரியார் நடந்தவற்றை விரித்துரைக்கும்போது டிபால்ட்டின் சாவு பேசப்படுகிறது. மெர்க்குசியோவின் பெயர் அவ்வுரையில் இல்லை. உறவினர் இருவரை இழந்தேன் என்று வெரோனாவின் கோமகன் சொல்லும்போதுதான் அவன் நினைவு ஒரு கணம் வந்து போகிறது.