கிக்கர் இல்லாத எஸ்டி

எஸ்டி ரோட்ஸ்டரில் கிக்கர் கிடையாது. இதை யாரும் மறைக்கவில்லை. செல்ஃப் ஸ்டார்ட் மட்டும்தான் என்று தெரிந்தேதான் சாவியை வாங்கினேன். பிரான்சில் மகள் வீட்டுக்குப் போன நண்பர், வண்டி சும்மா நின்று கெட வேண்டாம் என்று என்னிடம் விட்டுப் போயிருக்கிறார். பிடித்தால் நானும் ஒன்று வாங்குவதாக எண்ணம். சில வாரங்களாக எங்கள் கிராமமான செல்லிப்பட்டிலிருந்து பத்துக்கண்ணு, வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கும் திரும்பவும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வண்டியில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனாலும் ஏறி உட்கார்ந்தால் இடது கால் தானாக எதையோ தேடுகிறது.

என் வயதுக்காரர்களுக்கு வேகம் என்றால் பழைய எஸ்டி ரோட்கிங்தான். 250 சிசி, டூ ஸ்ட்ரோக், 16 குதிரைத்திறன். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் எஸ்டியைக் கடைந்து தேய்த்து ஓட்டியவர்கள் உண்டு. எங்கள் தெருவில் அதை வைத்திருந்தவர் சித்தப்பா. அவருடைய வண்டி இன்னும் மாட்டுக் கொட்டகையில் சாக்குப் போர்த்தி நிற்கிறது.

அந்த வண்டியை ஓட்டாதவர்களுக்கு நான் எதைத் தேடுகிறேன் என்பது புரியாது. பழைய எஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே கம்பி. காலால் உள்ளே தள்ளி நிமிர்த்தினால் கிக்கர். உதைத்து இன்ஜின் பிடித்ததும் முன்னால் சாய்த்துவிட்டால் அதுவே கியர் லீவர். அதுவும் இடது பக்கத்தில். அந்தக் காலத்துப் புல்லட்டில் கிக்கர், கியர் இரண்டும் வலது பக்கம். போதாதற்கு, எஸ்டியில் கியரை மிதிக்கும்போதே கிளட்ச் தானாக விடுபடும் ஏற்பாடும் உண்டு. கைக் கிளட்ச்சைத் தொடாமலே கியர் மாற்றிக்கொண்டு போவார் சித்தப்பா. பழக்கமில்லாதவன் திருட வந்தால் கிக்கரைத் தேடியே பொழுது விடிந்துவிடும். அப்படியொரு புத்திசாலித்தனமான கோணல், செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவாவிலிருந்து மைசூருக்கு வந்தது. ஐடியல் ஜாவா ஆலை 1973-லிருந்து எஸ்டி என்ற பேரில் வண்டி விட்டது, 1996-ல் மூடியது.

மஹிந்திராவின் பிடியில் இருக்கும் கிளாசிக் லெஜண்ட்ஸ் 2018-ல் ஜாவாவையும் 2022 ஜனவரியில் எஸ்டியையும் திரும்பக் கொண்டுவந்தது. ரோட்ஸ்டரை 2025 ஆகஸ்டில் மறுபடி மெருகேற்றி விட்டார்கள். 334 சிசி, தண்ணீரில் குளிரும் இன்ஜின், ஆறு கியர், 29 குதிரைத்திறன். மற்ற விவரமெல்லாம் கடையில் கொடுக்கும் தாளிலேயே இருக்கிறது. பழசிலிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு. டேங்கில் பேர் இருக்கிறது. ஒற்றை சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர் என்ற பழைய ஆடம்பரமும் அப்படியே இருக்கிறது. அந்தக் கம்பி மட்டும் போய்விட்டது. வண்டியைச் சுற்றி வந்து பார்த்த சித்தப்பா கேட்டார்: “இன்னாடா இது, ரெண்டு சைலன்சர் வெச்சவன் ஒரு கிக்கர் வெக்கக் கூடாதா?”

நியாயமாகப் பார்த்தால் கம்பெனியைத் திட்ட முடியாது. புல்லட்டே இப்போது கிக்கரை விட்டுவிட்டது. பெட்ரோலை இன்ஜெக்டர் தெளிக்கிற வண்டியில் பம்புக்கும் கணினிப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி முழுக்கச் செத்துவிட்டால் கிக்கர் இருந்தும் புண்ணியமில்லை. பழசிலும் பொறி வர பேட்டரி தேவைப்பட்டது. ஆனால் சோர்ந்துபோன பேட்டரியே போதும், இன்ஜினைச் சுழற்றுகிற வேலையைக் கால் பார்த்துக்கொள்ளும். கிராமத்துக்காரன் விரும்புவது அந்தப் பாதி உயிரோடு இருக்கும் பேட்டரிக்கு ஒரு வழி. செத்த பேட்டரியைப் பற்றி யார் பேசினார்கள்?

நகரத்தில் இது பெரிய விஷயமாகத் தோன்றாது. இங்கே மழைக்காலம் என்று ஒன்று இருக்கிறது. ஃபெஞ்சல் புயலில் 2024 நவம்பர் கடைசியில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சங்கராபரணி ஆறு பொங்கினால் என்ன ஆகும் என்று செல்லிப்பட்டில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டாம். அதன் குறுக்கே பிரெஞ்சுக்காரர் காலத்தில் கட்டிய படுகை அணையே 2021 வெள்ளத்தில் உடைந்தது. அந்த மாதிரி நாட்களில் வண்டி வாரக்கணக்கில் தார்ப்பாய்க்குள் நிற்கும், கரண்டும் இருக்காது. பிறகு ஒருநாள் அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக வேண்டியிருக்கும். தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்பீர்கள். 180 கிலோவுக்கு மேல் கனம். சேற்றில் தள்ள ரெண்டு ஆள் வேண்டும், அதில் ஒருவருக்காவது என்னைவிட வயது குறைவாக இருக்க வேண்டும்.

இவ்வளவு புலம்பிவிட்டு ஓடுகிற அழகைச் சொல்லாமல் விட்டால் பாவம். பத்துக்கண்ணுப் பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொள்வது எங்களுக்கு அன்றாடம். பழைய ரோட்கிங் அந்த இடத்தில் கத்தும், புகை விடும், கடைசியில் தாண்டும். இது கியரை ஒன்று குறைத்து முறுக்கினால் சத்தமில்லாமல் எழும்பிப் போய்விடுகிறது. அடிச் சுழற்சியில் சோம்பேறி. கொஞ்சம் முறுக்கியபின் வேறு வண்டி. கிளட்ச் லேசு. இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் இருப்பதால், மாடு திடீரென்று திரும்பும் சாலையில் பிரேக்கை நம்பி அழுத்த முடிகிறது. சித்தப்பாவைப் பின்னால் உட்காரவைத்து வில்லியனூர் தேரடி வரை போனேன். வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. இறங்கியதும், “ஓட்டம் நல்லாத்தான் இருக்குது. சத்தம்தான் நம்ம வண்டி இல்ல” என்றார். டூ ஸ்ட்ரோக்கின் கணீர் ஓசையை இன்றைய புகைச் சட்டத்துக்குள் யாரும் கொண்டுவர முடியாது, அதை நான் மன்னித்துவிட்டேன்.

விலையும் இப்போது ஆசை காட்டுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. அதற்கு மேலே போனால் 40. பெரிய இன்ஜின் மீது கண் வைத்திருந்தவர்கள் கூட இந்தக் கணக்கைப் பார்த்துக் கீழே இறங்கி வருகிறார்கள்.

தினமும் ஓட்டுகிறவர், வீட்டிலிருந்து கூப்பிடுதூரத்தில் மெக்கானிக் உள்ளவர் யோசிக்காமல் வாங்கலாம். பேரைப் பார்த்து, பழைய ரோட்கிங்கே திரும்பி வந்துவிட்டது என்று போகிறவர்கள் முதலில் ஒருதரம் ஓட்டிப் பார்க்கட்டும். அதன் வேகம் இதில் உண்டு, அதன் கோணல் இல்லை. நான் வாங்கத்தான் போகிறேன். வீட்டிலுள்ள டிவிஎஸ் எக்ஸ்எல்லை விற்று முன்பணத்தில் சேர்க்கலாம் என்றிருந்தேன். அந்த யோசனையைக் கைவிட்டாயிற்று. ஐப்பசி பிறந்தால் எக்ஸ்எல் வாசல் பக்கம், எஸ்டி உள்பக்கம். எக்ஸ்எல்லில் கிக்கர் இருக்கிறது.